டவர் இல்லாமல் பேசும் நண்பர்கள்!



செல்போனில் பேச என்னென்ன வேண்டும்? போன், சிம் கார்டு, ரீசார்ஜ் என்று கடகடவென்று சொல்லிவிடுவீர்கள். இன்னொன்றும் வேண்டும். அதுதான் டவர். பக்கத்துத் தெரு நண்பனிடம் பேசினாலும், உங்கள் குரல் டவருக்குப் போய், கம்பெனியின் இயந்திரங்களைக் கடந்துதான் அவனிடம் போகும். புயலில் மின்சாரம் போய், டவரும் ஓய்ந்துவிட்டால்? கையில் இருப்பது வெறும் டார்ச் லைட்தான்!

ஆனால், டவரும் இல்லாமல் கம்பெனியும் இல்லாமல், கடல் கடந்து பேசிக்கொள்ளும் நண்பர் கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. அவர்கள்தான் 'ஹாம் ரேடியோ' நண்பர்கள்.

எப்படிப் பேசுகிறார்கள்?

ஒவ்வொருவர் வீட்டிலும் சொந்தமாக ஒரு ரேடியோ கருவி இருக்கும். அதில் கேட்கவும் முடியும், பேசவும் முடியும். மொட்டை மாடியில் கம்பியால் ஆன ஆன்டெனா. மின்சாரம் இல்லையென்றால் கார் பேட்டரி போதும். சிற்றலை எனப்படும் ரேடியோ அலைகள் வானத்தை நோக்கிப் பாய்கின்றன. அங்கே 'அயனி மண்டலம்' என்ற அடுக்கு இருக்கிறது. சுவரில் அடித்த பந்து திரும்புவதுபோல, அலைகள் அதில் பட்டுப் பூமிக்குத் திரும்புகின்றன. அதனால்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவரும் கேட்கிறார்.

என்ன பேசுவார்கள்? 'இன்று எங்கள் ஊரில் மழை. புது ஆன்டெனா கட்டினேன், என் குரல் எப்படிக் கேட்கிறது?' இப்படித்தான்! வியாபாரம் பேசக் கூடாது. பேசிய பிறகு, நினைவாக அழகிய அட்டைகளைத் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். விடைபெறும்போது '73' என்பார்கள். 'அன்பு வாழ்த்துகள்' என்று அதற்குப் பொருள்.

நினைத்தவர்கள் எல்லாம் பேசிவிட முடியாது. 12 வயது நிரம்பியவர்கள், மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். உரிமத்தோடு ஓர் அழைப்புக்குறியும் கிடைக்கும். 'வி.யு.' என்று தொடங்கினால் அவர் இந்தியர்!

குடையா, வலையா?

குடையின் நடுக்கம்பி உடைந்தால் குடையே போயிற்று. மீன்வலையில் ஒரு முடிச்சு அறுந்தால்? மற்ற முடிச்சுகள் வலையைத் தாங்கிக்கொள்ளும். ஹாம் ரேடியோ ஒரு வலை. அதற்கு நடுக்கம்பி கிடையாது. ஒரு வீட்டின் ரேடியோ நின்றுபோனாலும் மற்றவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த வலையின் அருமை, 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம், அரசு அனுமதியுடன் தன் குழுவினரோடு அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். (2024இல் அந்த நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது.) பல ஆண்டுகளாக ஹாம்களின் குரலே கேட்காத தீவு அது. அங்கிருந்து உலக நண்பர்களோடு பொழுதுபோக்காகப் பேசுவதற்காகவே அவர் போனார்.

அன்று காலை நிலம் நடுங்கியது. சுனாமி வந்தது. தொலைபேசிகள் ஊமையாயின. பாரதியின் ரேடியோ மட்டும் பேசியது! பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, உதவிச் செய்திகளை அனுப்பத் தொடங்கினார். கார் நிக்கோபார் தீவிலும் ஒரு ரேடியோ நிலையம் அமைத்தார்கள். 'எங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறானா?' என்று தவித்த குடும்பங்களுக்கு, மற்ற ஊர்களில் இருந்த ஹாம்கள் செய்தி சேர்த்தார்கள்.

நம் பக்கத்து ஊர்க் கதை

புதுச்சேரி - கடலூர் சாலையில் தவளக்குப்பம் இருக்கிறதல்லவா? அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் நல்லவாடு என்ற மீனவர் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அவற்றை நடத்தியவர்கள் அந்தந்த ஊர் மக்களே. நல்லவாட்டிலும் ஒரு மையம் இருந்தது. கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற செய்தியை ஒலிபெருக்கியில் சொல்வது, அங்கே அன்றாட வேலை.

அதே டிசம்பர் 26 காலை. அந்த மையத்தில் முன்பு பணியாற்றிய இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சுனாமிச் செய்தி அறிந்ததும் ஊருக்குப் போன் செய்து, 'உடனே எச்சரியுங்கள்!' என்றார். ஊரார் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் ஓடித் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் சேதமாயின. ஆனால், 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை!

யோசித்துப் பாருங்கள். அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைத்ததல்ல. பாரதியின் ரேடியோவும் அப்படித்தான். நாள்தோறும் பயன்படுத்திப் பழகியதால்தான் ஆபத்தில் இரண்டும் கைகொடுத்தன.

இன்று இணையத்திலும் இப்படிப்பட்ட வலைகள் உண்டு. 2016இல் தொடங்கிய 'மாஸ்டடான்' அதில் ஒன்று. ஒரே கம்பெனியின் கையில் இல்லாமல், பலர் நடத்தும் சிறு சிறு கணினி நிலையங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கருவிகள் செய்வது, நட்சத்திரம் பார்ப்பது என்று தங்கள் ஆர்வங்களை அங்கே பலர் பகிர்கிறார்கள். எந்த வலையானாலும் பெற்றோரிடம் கேட்காமல் சேராதீர்கள். வீட்டு முகவரி, பள்ளியின் பெயர், போன் எண் ஆகியவற்றை யாருக்கும் சொல்லாதீர்கள்.

தெரியுமா?

ஹாம்களுக்காகவே இந்தியா ஒரு குட்டிச் செயற்கைக்கோள் விட்டது. அதன் பெயர் 'ஹாம்சாட்'. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. எடை 42.5 கிலோ மட்டுமே. 2014 வரை உழைத்தது.

செய்து பாருங்கள்!

ஹாம்கள் மோர்ஸ் சங்கேதத்திலும் பேசுவார்கள். டார்ச்சைச் சட்டென்று அணைத்தால் புள்ளி. சற்று நேரம் எரியவிட்டால் கோடு. புள்ளி, கோடு என்றால் 'ஏ'. கோடு, புள்ளி என்றால் 'என்'. இரண்டு கோடு 'எம்'. ஒரே ஒரு கோடு 'டி'. இந்த நான்கு எழுத்துகளை வைத்து எத்தனை சொற்கள் அனுப்ப முடியும்? இன்றிரவு அண்ணனோடோ தங்கையோடோ முயன்று பாருங்கள்.

73!