பள்ளிக்கூடமும் தரவு அறமும்

பள்ளிக்கூடத்தில் சேரும் குழந்தை எழுத்தைக் கற்பதற்கு முன்பே எழுத்தில் இடம் பெற்றுவிடுகிறது. பெயர், பிறந்த நாள், தந்தையின் தொழில், சாதி, முகவரி ஆகியவற்றைத் தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதி, மர அலமாரியில் வைத்துப் பூட்டிய காலத்தை நேயர்களுள் பலர் அறிவர். அதைப் பார்க்க விரும்புகிறவர் அலமாரி இருக்கும் அறைக்கு வந்தாக வேண்டும். இன்று அதே விவரங்களோடு புகைப்படமும், ஆதார் எண்ணும், மதிப்பெண்களும், சில இடங்களில் பிள்ளை பேருந்தில் ஏறிய நேரமுங்கூடச் சேர்ந்து, கணினி வழியே கண்காணாத ஊர்களுக்குச் சென்று தங்குகின்றன. இவ்விவரத் தொகுதிக்குத் தரவு என்று பெயர். அதைத் திரட்டுவதிலும், வைத்திருப்பதிலும், பிறர்க்குக் கொடுப்பதிலும் எது முறை, எது முறையன்று என ஆராய்வது தரவு அறம்.

இவ்வறத்தையும், அதனோடு சேர்த்து டிஜிட்டல் குடிமைப் பண்பு எனப்படுவதையும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பது இப்போது முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குரிய பொருளாகியுள்ளது. இத்தகைய ஆராய்ச்சி பெரும்பாலும் பொதுப் பணத்தில் நடைபெறுவதாகும். நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், இரண்டாண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இவ்வளவு செலவிட்டு எந்தக் கேள்விக்கு விடை தேடச் சொல்கிறோம் என்று மக்கள் கேட்பது நியாயமே.

இத்துறையில் வழக்கமாகக் கற்பிக்கப்படுவது யாது? கடவுச்சொல்லை யாரிடமும் கூறாதே, முன்பின் அறியாதவரோடு உரையாடாதே, பிறரை இழிவாக எழுதாதே என்பன போன்ற அறிவுரைகளே மிகுதி. ரிப்பிள், பெய்லி என்ற இரு அமெரிக்கர்கள் 2007இல் வெளியிட்ட நூல் டிஜிட்டல் குடிமையை ஒன்பது கூறுகளாகப் பிரித்துக் காட்டியது. அவற்றுள் உரிமைகளும் பொறுப்புகளும் ஒரு கூறு. நாகரிக நடத்தை மற்றொன்று. வகுப்பறைக்கு வரும்போது நடத்தை நிலைத்துவிடுகிறது, உரிமை நழுவிவிடுகிறது என்பது நம் கருத்து. பிள்ளை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லுகிற பள்ளி, பிள்ளையின் விவரங்களிடம் தான் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பாடமாக வைப்பதில்லை.

இதற்கு ஸ்வீடன் நாட்டில் நடந்ததோர் நிகழ்ச்சியைக் காண்போம். அந்நாட்டின் வடபகுதியிலுள்ள ஷெலெஃப்டியோ நகராட்சியைச் சேர்ந்த ஒரு மேல்நிலைப் பள்ளியில், மாணவர் வருகையைக் குறிக்க முகத்தை அடையாளங்காணும் கருவியைச் சோதித்துப் பார்த்தனர். சோதனைக்கு உட்பட்டவர்கள் 22 மாணவர்கள். காலம் மூன்று வாரம். ஆசிரியர்களின் நேரம் மிச்சமாகும் என்பது நோக்கம். சம்மதமும் பெறப்பட்டிருந்தது. எனினும் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அதிகார அமைப்பு 2019 ஆகஸ்டில் நகராட்சிக்கு 2,00,000 குரோனர் அபராதம் விதித்தது. பள்ளியின் கையை எதிர்பார்த்து நிற்கும் மாணவன் பள்ளிக்கு அளிக்கும் சம்மதம், மனமொப்பி அளித்த சம்மதம் ஆகாது என்பதே அது கூறிய முக்கியமான காரணம். மதிப்பெண் போடுகிறவர் கேட்கும்போது யார்தான் முடியாது என்பார்கள்?

நம் நாட்டிலும் சட்டம் இத்திசையில் நகர்ந்திருக்கிறது. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமைகளுள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தனர். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்று 2018 செப்டம்பரில் மற்றொரு தீர்ப்புக் கூறியது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளுவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளிலோ, கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் பள்ளிகள் செய்யும் கண்காணிப்புக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆகவே, எது கல்விப் பணி, எது வெறும் வேவு என்று பகுத்துப் பார்க்கும் பொறுப்பு பள்ளியின் மனச்சான்றிடமே விடப்பட்டுள்ளது எனலாம்.

இச்சட்டத்தின்படி, சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ பெற மக்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும். நம் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேலை தரும் விதி என்று இதை வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் சொல் தேர்வு வேடிக்கையன்று. ஒப்புதல் என்றால் அலுவலகத்தில் மேலதிகாரி கோப்பில் இடும் கையெழுத்து நினைவுக்கு வருகிறது. சம்மதம் என்றால் பெண் பார்க்கும் சடங்கு. மறுக்கவும் இடமுண்டு என்ற பொருள் பின்னதில்தான் தொனிக்கிறது. மறுத்த பெண்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

சென்ற ஆண்டு நம் வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒரு படிவம் கொண்டு வந்தாள். மறுநாட் காலைக்குள் கையெழுத்திட்டுத் தரவேண்டுமாம். எதற்காக இவ்விவரங்கள் என்று கேட்டோம். "தெரியாது அப்பா, எல்லாரும் கொடுத்துவிட்டார்கள்" என்றாள். படிவங்களையே தொழிலாகக் கொண்ட நாம் அதை முழுவதும் படித்தும், கையெழுத்திடாவிட்டால் என்ன ஆகும் என்ற வரியை எங்கும் காணவில்லை. கையெழுத்திட்டு அனுப்பிவிட்டோம். அவளைக் கேட்கவேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை.

மருத்துவத் துறை இவ்விஷயத்தில் முன்னே நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டியின்படி, குழந்தையை ஆராய்ச்சியில் சேர்க்கப் பெற்றோரின் சம்மதம் மட்டும் போதாது; ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தையின் இசைவை வாய்மொழியாகவும், அதற்கு மேற்பட்டவரின் இசைவை எழுத்து மூலமாகவும் பெறவேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்ல இயலும் என்று மருத்துவர்கள் நம்புகிறார்கள். பள்ளியிலும் அவ்வாறு சொல்ல இயலுமா, சொன்னால் பிள்ளைகள் எவ்வாறு சிந்திக்கிறார்கள் என்று கண்டறிவதே நிதியுதவி பெறும் ஆராய்ச்சிக்குத் தக்க பணி என்று நாம் கருதுகிறோம். இதற்குப் பெருங்கருவிகள் வேண்டியதில்லை. பள்ளி தன் சேர்க்கைப் படிவத்தையே வகுப்பில் வைத்து, இந்தக் கட்டத்தில் கேட்பது எதற்கு, யார் பார்ப்பார், எத்தனை ஆண்டு இருக்கும் என்று பிள்ளைகளை வினவச் செய்யலாம். ஆசிரியருக்கே விடை தெரியாத இடங்கள் வரும். அவற்றையே ஆராய்ச்சியாளர் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவரும் வகுப்பறைக்குள் நுழைந்ததும் தரவு திரட்டுகிறவராகிவிடுகிறார் என்பதை மறக்கலாகாது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் அளிக்கவேண்டும் என்று 2009ஆம் ஆண்டிலேயே மானியக் குழு விதித்தது. அவை சோத்கங்கா என்ற களஞ்சியத்தில் எவரும் படிக்கும்படி வைக்கப்படுகின்றன. பெயரை நீக்கினாலும், இன்ன ஊர்ப் பள்ளி, இன்ன வகுப்பு, இன்னாருடைய ஒரே மகள் என்று எழுதிவிட்டால் அவ்வூரார் ஆளைக் கண்டுகொள்வர். ஆகையால் அப்பெண்ணிடம், அவள் கூறியது அச்சேறும் முன்பே அதைப் படித்துக் காட்டி, எந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நலம்.