புல்லட்டின் தட்டொலி

சென்னை மாநகரின் வடபால், கடலோரத்தே அமைந்த தொன்மையான ஊர் திருவொற்றியூர். தியாகராசப் பெருமான் திருக்கோயிலும் பட்டினத்தார் சமாதியும் உடைய இவ்வூர், இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வேறொரு வகையாலும் பெயர் பெறலாயிற்று. 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும், இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்பீல்டு நிறுவனமும் கூடி, என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 'புல்லட்' என்னும் மோட்டார் சைக்கிள் உருப்பெற்றது. முதற்கண் கடல் கடந்து வந்த உறுப்புக்களை இங்கே பொருத்தினர். பின்னர் அவ்வுறுப்புக்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினர். 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோயிற்று, வடசென்னையில் நிற்கவில்லை.

வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அப்பழைய புல்லட்டுகளை இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள சாலைகளில் இன்றும் காணலாம். அவற்றைப் பேணுவோர் அஞ்சும் ஓசை ஒன்று உண்டு. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, மெதுவான வேகத்தில், மேல் கியரிலேயே ஒருவர் மேம்பாலம் ஏறுகின்றார். வண்டி திணறுகின்றது. அவர் ஆக்சிலேட்டரை முறுக்குகின்றார். உடனே பித்தளைச் செம்பில் கூழாங்கற்களை இட்டுக் குலுக்கினாற்போல எஞ்சினுள்ளிருந்து ஓர் ஓசை எழுகின்றது. பட்டறைகளில் இதனை 'நாக்கிங்' என்பர். தமிழில் தட்டொலி எனலாம்.

இவ்வோசை எவ்வாறு பிறக்கின்றது? பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலெழுந்து அமுக்குகின்றது. பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி தோன்றும். அங்கே பற்றிய தீ, காய்ந்த புல்வெளியில் பரவுவதுபோல, ஓரத்தினின்று ஓரத்திற்கு ஒழுங்காகப் பரவவேண்டும். வெப்பம் மிகுந்தாலோ, அமுக்கம் மிகுந்தாலோ, தீ வந்து சேருமுன்பே எஞ்சிய கலவை தானாகவே ஒருங்கே வெடித்துவிடுகின்றது. அவ்வதிர்ச்சி சிலிண்டர்ச் சுவரில் மோதி, வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்கின்றது. நாம் கேட்பது அவ்வதிர்வையே.

இதனைக் கேட்டும் கேளாதார்போல் ஓட்டுதல் தகாது. பிஸ்டனின் தலை அலுமினியத்தால் ஆயது. தட்டொலி தொடருமானால் அத்தலை அளவு கடந்து சூடேறி அரிக்கப்படும். சிற்சில வேளைகளில் துளையே விழும். சூட்டால் விரிந்த பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பற்றிக்கொண்டால் பின்சக்கரம் திடீரெனச் சுழலாது நின்றுவிடும். பெரிய சரக்கு வண்டிகள் அணியணியாய்ப் பின்தொடரும் எண்ணூர்ச் சாலையில் அவ்வாறு நேர்வது உயிர்க்கே இடராகும்.

பொறி என்னும் சொல் தமிழில் தீயின் துகளையும், இயந்திரத்தையும், செவி முதலிய ஐம்பொறிகளையும் குறிக்கும். இங்கே மூன்றும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. முதலில் வேண்டுவது செவியே. வண்டி நிற்கும்போது கேட்கும் டிக் டிக் என்னும் ஓசை வால்வுகளை இயக்கும் டாப்பெட்டுகளின் இடைவெளியால் வருவது, அது வேறு. ஆக்சிலேட்டரை முறுக்கிச் சுமை ஏற்றும்போது தோன்றி, அதனைத் தளர்த்திய அளவில் மறைவதே தட்டொலி.

பலரும் முதலிற் பழிப்பது பெட்ரோலைத்தான். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பார், ஈயம் சேர்ந்த பொருள் ஒன்றைச் சிறிது கலந்தால் தட்டொலி அடங்குவதைக் கண்டார். உலகெங்கும் அது பரவியது. வண்டிப் புகையில் ஈய நஞ்சும் பரவியது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது நின்றது. தட்டொலியைத் தாங்கும் ஆற்றலை ஆக்டேன் எண்ணால் அளப்பர். ஆயினும் பழைய 350 புல்லட் கலவையை ஏறத்தாழ ஆறரை மடங்கே அமுக்குவது. அது மிகக் குறைவு. சாதாரணப் பெட்ரோலே அதற்குப் போதும். ஆதலால், நாள்பட்டுக் கெட்ட பெட்ரோலோ கலப்படமோ அன்றாயின், குற்றத்தை வண்டியிலேயே தேடுதல் வேண்டும்.

புல்லட்டைக் குளிர்விப்பது நீரன்று. ஓடும்போது வீசும் காற்று. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளினூடே அது புகுந்து வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். துறைமுகச் சாலைகளில் எழும் நிலக்கரித் தூளும் புழுதியும் எண்ணெய்க் கசிவோடு குழைந்து, அத்தகடுகளின் இடையே அப்பிவிடும். நெரிசலில் நெடுநேரம் நின்றால் காற்றும் இல்லை. எனவே தகடுகளைத் துலக்குவதும், எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்ப்பதும் காசு செலவில்லாத முதல் வேலைகள். ஏனோ பலரும் இவற்றைக் கடைசியிற் செய்கின்றனர்!

அடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நோக்குக. அதன் நுனி காப்பிப்பொடி நிறமாயின் நலம். வெளுத்திருப்பின் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துள்ளது, சூடும் மிகும். கார்புரேட்டரும் எஞ்சினும் கூடுமிடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இட்டால் ஓட்டத்தின் ஒலி மாறுகின்றதா? மாறினால் அங்கே காற்று கசிகின்றது. 2025 அளவில் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனால் தட்டொலியைத் தாங்குவது. எனினும் அதனுள் ஆக்சிசன் இருத்தலின், பழைய கார்புரேட்டரில் கலவை மேலும் மெலியும். கார்புரேட்டர் ஊசியை ஒரு படி உயர்த்தினால் குறை நீங்கும்.

நாள்பட ஓடிய எஞ்சினாயின் பிஸ்டன் தலையிலும் எரியறையிலும் கரி படிந்திருக்கும். அது இடத்தை அடைத்து அமுக்கத்தைக் கூட்டும். தணல்போற் கனன்று கலவையை முன்கூட்டியே பற்றவைக்கவும் செய்யும். சிலிண்டர்த் தலையைக் கழற்றி, அலுமினியம் கீறாதபடி மரச் சீவுளியாற் சுரண்டுவர் தேர்ந்த கைவினைஞர்.

இறுதியாகத் தீப்பொறி தோன்றும் நேரம். வேகம் மிக மிகப் பொறியை முற்படுத்துவதற்குச் சிறு எடைகளும் வில்கம்பிகளும் உள்ளன. உப்புக்காற்றில் அவை துருவேறி இறுகினால், மெல்லச் செல்லும்போதும் பொறி முந்திக்கொள்ளும். அவற்றைத் துலக்கி எண்ணெயிட்ட பின்னர், பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் அமைப்பர். பாயிண்ட் திறக்கும் கணத்தை அறிய விளக்குத் தலையிலுள்ள அம்மீட்டரே போதும். சாவியைத் திருப்பி எஞ்சினை மெல்லச் சுழற்றினால், திறக்கும் நொடியில் அதன் முள் நடுவிடத்திற்குத் திரும்பும்.

வேறொன்றையும் ஆராயாது பொறியை மட்டும் பிற்படுத்தி ஓசையை அடக்குவோரும் உளர். ஓசை அடங்கும், ஆற்றலும் குன்றும். எரிதல் காலந்தாழ்ந்து முடிதலால் புகைபோக்கி வால்வு வெந்து கெடும்.

எல்லாம் முடிந்தபின், முன்பு ஓசை எழுந்த அதே மேம்பாலத்தில், அதே சுமையோடு வண்டியை ஏற்றிப் பார்த்தல் வேண்டும். ஏறுமுன் ஒரு கியர் குறைத்துக்கொள்வதும் நன்று. எஞ்சினின் சீரான 'டுப் டுப்' ஒலி மட்டுமே கேட்டால், பட்டறைக்காரர் தம் கூலியைப் பெற்றுக்கொள்ளலாம்.