‘நெனச்சா நாளைக்கே விட்டுடுவேன்’: குடிநோயாளிக்குத் தன் நோய் ஏன் தெரிவதில்லை?

திமிரியிலிருந்து ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் ஆள் போகும் வீடுகளில் இந்தப் பேச்சு பழகிப்போன ஒன்று: “உடம்பு வலிக்குக் கொஞ்சம் போட்டுக்கிறேன். நெனச்சா நாளைக்கே விட்டுடுவேன்.” சம்பளம் கரைகிறது, காலையில் கை நடுங்குகிறது, பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். ஊருக்கே தெரிந்தது அவருக்கு மட்டும் தெரிவதில்லை. பொய், வீம்பு என்று வீட்டார் நினைக்கிறார்கள். பல நேரங்களில் அது நோயின் அறிகுறி.

மூளையில் நடப்பது என்ன?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி நம் நடத்தையை எடைபோடுகிறது. அதன் உட்புறத்தில் உள்ள முன் சிங்குலேட் பகுதி, தவறு நேரும்போது எச்சரிக்கிறது. பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா, உடம்பின் நிலையை மனத்துக்கு உணர்த்துகிறது. நெடுநாள் குடியும் போதைப்பொருளும் இந்த மூன்றின் வேலையையும் குலைக்கின்றன. அடிமைப்பட்டவரின் தன்னுணர்வுக் குறைவுக்கு இந்த நரம்புச் சுற்றுகளின் பாதிப்பே அடிப்படையாக இருக்கலாம் என்று ரீட்டா கோல்ட்ஸ்டீன், நோரா வால்காவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள்.

பக்கவாதத்தில் கை விழுந்த சிலர், கைக்கு ஒன்றுமில்லை என்றே நம்புவதை 1914இல் பிரெஞ்சு மருத்துவர் பாபின்ஸ்கி விவரித்தார். குடிநோயில் பாதிப்பு அவ்வளவு முழுமையானதல்ல. ஆனால் அதே வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். இதனுடன் வெட்கமும் பயமும் சேரும்போது மறுப்பு இறுகிவிடுகிறது.

38 பேரில் ஒருவர்

நோய் இருப்பதே தெரியாதவர் மருத்துவரைத் தேடமாட்டார். எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் வெளியானது. அதன்படி மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார்.

வீட்டார் எப்படிப் பேசலாம்?

போதை தெளிந்த நேரத்தில் பேசுங்கள். “குடிகாரன்” என்று பட்டம் கட்டினால் சண்டைதான் மிஞ்சும். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: “போன சனிக்கிழமை சம்பளத்துல ஐந்நூறுதான் வீட்டுக்கு வந்துச்சுங்க. பெரியவனுக்கு இன்னும் ஃபீஸ் கட்டலை.” பிறகு அவரைப் பேசவிடுங்கள். மாறவேண்டிய காரணத்தை அவரே வாய்விட்டுச் சொல்வதற்குப் பலன் அதிகம்.

இந்த இரண்டும் வேண்டாம்

தினமும் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்து மனக்குழப்பமும் உயிராபத்தும் நேரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்கவும் கூடாது. குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

எங்கே போவது?

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தருவது அதன் வழக்கம். தன் நிலையைத் தானே காணமுடியாதவருக்கு, உடனிருந்து பார்த்தவர்களின் சொல் மருத்துவத்தின் ஒரு பாகம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டும் கட்டணமில்லாதவை.

குடியை விட்ட சில வாரங்களிலும் மாதங்களிலும் பலருக்கு மூளை தேறுகிறது. தன்னைப் பற்றிய தெளிவும் மெல்லத் திரும்புகிறது. அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் உதவி தேட வேண்டும் என்பதில்லை. அவர் வர மறுத்தால், ஆலோசனைக்கு வீட்டார் முதலில் போகலாம், இன்றே போகலாம்.