வாழைப்பழம் சாப்பிட்டால் வாய் அரிக்குமா?

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மயக்க மருந்து நிபுணர் இப்படியும் கேட்பார். பலூன் ஊதினால் உதடு தடிக்குமா என்றும் கேட்பார். இந்தக் கேள்விகளின் வேர் ரப்பர் மரத்தில் இருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் விடியுமுன்னே பால்வெட்டுத் தொழிலாளி பட்டையில் சாய்வாகக் கீறல் போடுகிறார். லேடெக்ஸ் எனப்படும் வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது; சில மணி நேரத்தில் தானாக நின்றும் விடுகிறது. ஹெவீன் என்ற சின்னஞ்சிறு புரதம் பாலிலுள்ள ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கீறலை அடைக்கிறது. 43 அமினோ அமிலங்கள்தான் அதன் மொத்த நீளம். பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் கைட்டினையும் அது பற்றிக்கொள்ளும். மரத்துக்கு அதுவே மருந்து, அதுவே கட்டு.

வாழையிலும் அவகாடோவிலும் இதே சாயலில் புரதங்கள் உண்டு. ரப்பர் பாலைப் பகையாகப் பதிந்துகொண்ட உடல், பலருக்கு, பழத்திலும் அதே முகத்தைக் கண்டு சீறுகிறது.

டயரில் இந்தப் புரதம் மிகக் குறைவு. பாலில் அச்சை முக்கியெடுத்துச் செய்கிற கையுறை, பலூன், சிறுநீர்க் குழாய் ஆகியவற்றில்தான் ஆபத்து. 1980களின் பிற்பகுதியில் எய்ட்ஸ் அச்சத்தால் கையுறைப் பயன்பாடு பெருகியது. ஒவ்வாமையும் கூடவே பெருகியது. மாட்டுவதற்கு வசதியாகத் தூவிய மக்காச்சோள மாவு புரதத்தைச் சுமந்து காற்றில் பறந்தது. மாவுக் கையுறைகளுக்கு அமெரிக்கா விதித்த தடை 2017 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. எனக்கு மனம் கனப்பது முதுகுத்தண்டுப் பிளவோடு பிறக்கும் பிள்ளைகளை நினைக்கும்போது. பிறந்த நாள் முதல் ஆபரேஷன், குழாய், மறுபடி ஆபரேஷன். அவர்களைப் பிழைக்க வைத்த கையுறைகளே அவர்கள் உடலை ரப்பருக்கு எதிராகத் திருப்பிவிடுகின்றன.

மருந்து ஒவ்வாமை பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ரப்பர் ஒவ்வாமை அரை மணி நேரம் கழித்தும் வரலாம். கையுறை வயிற்றின் ஈரத்தைத் தொட்ட பிறகே புரதம் உள்ளே கசிகிறது. நோயாளியோ மயக்கத்தில். தோலின் தடிப்பு பச்சைத் துணிக்கு அடியில் மறைந்திருக்கும். திரையில் ரத்த அழுத்தம் சரியும், நுரையீரலுக்குள் காற்று போக மறுக்கும். அந்த நொடியே ரப்பர் பொருள் அனைத்தும் விலக வேண்டும். அட்ரினலின், முழு ஆக்சிஜன், வேகமாகச் சலைன்.

முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்து இதைத் தடுத்துவிடலாம் என்று நம்ப முடியாது. அண்டவிடாமல் தவிர்ப்பதே வழி. மாவுக் கையுறை புழங்கும் இடமென்றால், இரவில் காற்றின் தூசு படிந்தபின், காலையின் முதல் ஆபரேஷனாக ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுடையதை வைப்பார்கள். சர்ஜனின் விரலில் பாலிஐசோப்ரீன் கையுறை இருக்கும். ரப்பர் பாலில் உள்ள அதே மூலக்கூறு, அதே நெகிழ்ச்சி. தொழிற்சாலையில் பிறந்ததால் மரத்தின் புரதம் மட்டும் இல்லை. கதவில் ‘லேடெக்ஸ் ஒவ்வாமை’ என்று எழுதி ஒட்டியிருக்கும். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.