வைஃபை வந்தது, நெட் எங்கே?

களமருதூரில் ஒரு வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கிறார்கள் என்றால், தெருக்கம்பத்திலிருந்து ஒல்லியான கறுப்பு ஒயர் ஒன்று சன்னல் ஓரமாக உள்ளே நுழையும். சுவரில் வெள்ளைப் பெட்டி ஏறும். விளக்குகள் மின்னும். செல்போனில் வைஃபை குறி முழுதாகத் தெரியும். ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. "வைஃபை வந்துடுச்சு, நெட் வரல" என்று வீட்டார் சொல்லும் புகாரிலேயே பாதி விடை இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இணைப்புகள் நடக்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி வந்து சேர வேண்டும்; நிறுவனத்தின் கணினி நம்மை அடையாளம் கண்டு உள்ளே விட வேண்டும்; பெட்டியிலிருந்து போனுக்கு ரேடியோ அலை போக வேண்டும். எது விட்டுப்போனது என்று முன்பக்க விளக்குகள் காட்டிவிடும். அவற்றைப் படிக்க யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

ஃபைபர் இன்று நகரத்துச் சங்கதி இல்லை. 2011-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசிய கண்ணாடி இழைத் திட்டம் பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் வேலை டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. களமருதூர் இருக்கும், 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டமும் அதில் அடக்கம். இழையின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. கல்வராயன் மலையில் செல்போன் கோபுரத்து அலை மேட்டிலும் பள்ளத்திலும் மறைந்து மறைந்து வரும். ஃபைபருக்கு மேடு பள்ளம் ஒரு பொருட்டல்ல. காற்றில் சாயும் மரம்தான் பகை.

இழையின் நடுவே ஒளி ஓடும் கண்ணாடித் தண்டின் அகலம் சுமார் 9 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் நூறு தண்டுகளுக்கு மேல் அடுக்கலாம். கண்ணாடியிலுள்ள மாசை நீக்கினால் ஒளியைத் தொலைதூரம் அனுப்பலாம் என்று 1966-இல் சார்லஸ் காவ் கணித்தார். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் கடந்த பிறகும் பாதி ஒளி மிச்சமிருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஓர் இழை என்று எக்ஸ்சேஞ்சிலிருந்து தனியாக இழுப்பதில்லை. தெருவில் ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டி ஒரே ஒளியை 32 வீடுகளுக்குப் பிரிக்கிறது. எழுபது, எண்பது கிலோமீட்டர் இழை விழுங்கக்கூடிய ஒளியை அந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடுகிறது. வீட்டுப் பெட்டி ஒரு மில்லிவாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு ஒளியைக்கூடப் படித்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் 'லாஸ்' என்று எழுதிய சிவப்பு விளக்கு எரியும். கதவிடுக்கில் ஒயர் மடங்கியிருக்கலாம், இணைப்பு முனையில் தூசி படிந்திருக்கலாம். அந்த முனையின் நிறத்தைக் கவனியுங்கள். பச்சை முனையின் கண்ணாடி எட்டு டிகிரி சாய்வாகச் சீவப்பட்டது; நீல முனை நேராகத் தேய்க்கப்பட்டது. பச்சையும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தினாலும் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். கழற்றிய முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாதது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சிவப்பு அணைந்து 'பான்' என்ற பச்சை விளக்கு கண்சிமிட்டினால், எக்ஸ்சேஞ்சிலுள்ள கருவி நம் பெட்டியின் வரிசை எண்ணைச் சரிபார்க்கிறது என்று பொருள். 32 வீடுகளும் ஒரே இழையில் தகவலை மேலே அனுப்ப வேண்டுமே! ஏரி மடையில் முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நொடித்துளி ஒதுக்கப்படுகிறது. அதற்காக ஒளி போய்வரும் நேரத்தைக் கொண்டு வீட்டின் தூரத்தைக்கூட அந்தக் கருவி அளந்துகொள்கிறது. கீழே வரும் தகவலோ எல்லா வீட்டுக்கும் போகிறது. பக்கத்து வீட்டார் படித்துவிடாதபடி ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மறையீடு உண்டு.

'பான்' நிலையாக எரிந்தும் இன்டர்நெட் விளக்கு வரவில்லையா? பெரும்பாலான வீடுகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பல நிறுவனங்கள் இன்றும் பி.பி.பி.ஓ.இ. என்ற முறையில்தான் உள்ளே விடுகின்றன. டயல்-அப் காலத்துப் பயனர் பெயர், பாஸ்வேர்டு வழக்கத்தை அகலப்பட்டைக்கு ஏற்றபடி 1999-இல் வகுத்த முறை அது. பெட்டி முதலில் "யார் இருக்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கூவும், நிறுவனத்தின் சர்வர் பதில் தரும், பிறகு பெயரும் பாஸ்வேர்டும் சரியா என்று பார்க்கும். வி.லேன் என்ற எண் தப்பாக இருந்தால் அந்தக் கூவல் சர்வரின் காதிலேயே விழாது. பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தால் வாசல்வரை போய்த் திரும்பும். பெட்டியைச் சட்டென்று அணைத்துப் போட்டால், முந்தைய இணைப்பு இன்னும் இருப்பதாக நினைத்துச் சர்வர் சில நிமிடம் மறுப்பதும் உண்டு. இணைப்பு கொடுக்க வருபவரிடம் பயனர் பெயர், பாஸ்வேர்டு, வி.லேன் எண் மூன்றையும் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசு கட்டியவருக்கு அது உரிமை.

சொந்தமாக இரண்டாவது ரூட்டர் வாங்குகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு கடையிலிருந்து வந்திருக்கலாம். ஒன்றை மாற்றாவிட்டால் தகவல் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திணறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய முறையில் இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். உலக மக்கள்தொகைக்கே போதாது. அதனால் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குள் வைக்கின்றன. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் உங்கள் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டுக்குடும்பத்தில்தான். படம் பார்க்க, பாடம் படிக்க இடைஞ்சல் இல்லை. சிங்கப்பூரிலிருக்கும் மகன் வீட்டுக் கேமராவுக்குள் நேரடியாக நுழைந்து பார்க்க நினைத்தால் வழி கிடைக்காது. புதிய ஐ.பி.வி6 முகவரி கேட்டுப் பெறுவது நல்லது.

வைஃபை பற்றிச் சென்னை அடுக்குமாடிக்காரர்கள் தரும் யோசனை கிராமத்துக்கு அப்படியே பொருந்தாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விட்டு 5-க்கு மாறுங்கள் என்பார்கள். அங்கே ஒரே சுவருக்கு அப்பால் பத்து ரூட்டர்கள் மோதுகின்றன. களமருதூரில் அந்த நெரிசல் குறைவு, 2.4 சுவர் தாண்டித் திண்ணைவரை வரும். 5 வேகமானது, ஆனால் கனத்த சுவரில் களைத்துப்போகும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். பெட்டியைத் தகர பீரோவின் பின்னால் ஒளிக்காமல் உயரத்தில், வீட்டின் நடுவில் மாட்டினாலே பாதிப் புகார் தீரும்.

பெட்டியோடு வரும் 'அட்மின்' பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கடையிலிருந்து வந்தபடியே விடப்பட்ட அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் தட்டிப் பார்த்தே உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துக்கொண்டது. அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலால் அந்த அக்டோபரில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின.

கடைசியாக, கரண்ட். பழைய லேண்ட்லைனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே தாமிரக் கம்பியில் வந்ததால் ஊர் இருட்டிலும் போன் மணி அடித்தது. கண்ணாடியில் மின்சாரம் போகாது. தெருவிலிருக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். இரண்டு முனைகளுக்கு மட்டும் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் முனையில் பேட்டரி இருக்கும். வீட்டு முனைக்கு ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். போதும். பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, வோல்ட் அதே அளவாகவும் ஆம்பியர் அதற்குக் குறையாமலும் வாங்குங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான் இருக்கும்.