ஆற்றுவாய் வெட்டும் நாள்

மட்டக்களப்பிலே கடலோரம் வாழ்வதென்றால் வாவியோடும் வாழ்வதென்பது பொருள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான அந்நீரை ஊரவர் 'ஆறு' என்றே சொல்வர். அதன் கிழக்கே, கடலை ஒட்டியது எழுவான்கரை. மேற்கே, வயல்கள் விரிந்தது படுவான்கரை. கோடையில் ஆற்றுவாயை மணல் மூடிவிடும். மாரி வெள்ளம் ஏறினால் வேளாண்மை அழுகும் (இங்கு நெற்பயிருக்கே அப்பெயர்). ஆகவே, 'வாயை வெட்டுங்கள்' என்பர் வயற்காரர். 'வெட்டினால் இறாலெல்லாம் கடலோடு போய்விடுமே' என்பர் மீனவர். இருபக்கமும் நியாயமுண்டு. இத்தனைக்கும் மீனவர் வீட்டுச் சோறு படுவான்கரை நெல். வயற்காரர் வீட்டுக் கறி ஆற்றுமீன். ஆதலால் வெட்டும் நாளைக் கச்சேரியில் கூடிப் பேசியே குறிக்கவேண்டியிருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைத் தேடி வருவோர் இந்த வழக்கையும் கொஞ்சம் கேட்டுப் போகலாம்.