வேகத்தைத் துரத்தாதீர்கள்!

ஜிம்மில் டிரெட்மில்லுக்கு ஆள் காத்திருக்கும். ரோயிங் மெஷின் ஓரமாகச் சும்மா கிடக்கும். அதில் வந்து உட்கார்பவர்களில் பலரும் தம் கட்டி இழுக்கிறார்கள். ஐந்தாவது நிமிடத்தில் மூச்சிரைக்கிறது, பத்தாவது நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறார்கள். ‘இது நமக்குச் சரிப்படாது’ என்ற முடிவோடு அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அரை மணி நேரத்துக்கான உழைப்பை முதல் ஐந்து நிமிடத்திலேயே கொட்டித் தீர்த்ததுதான் இதற்குக் காரணம்.

இன்று உலகெங்கும் ஜிம்களில் காணப்படும் காற்றுவிசிறி வகை ரோயிங் மெஷினைப் பரவலாக்கியது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள கான்செப்ட்2 நிறுவனம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் படகு வலித்த டிக் டிரைசிகேக்கரும் அவர் சகோதரர் பீட்டரும் தொடங்கியது அது. துடுப்பு செய்துகொண்டிருந்தவர்கள், 1981இல் சைக்கிள் சக்கரத்தை வைத்தே முதல் மெஷினை உருவாக்கினார்கள். குளிர்காலத்தில் ஆறு உறைந்தாலும் படகு வீரர்களின் பயிற்சி நிற்கக் கூடாது என்பதுதான் இத்தகைய மெஷின்களின் நோக்கம். அந்த வீரர்கள் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியை முழு வேகத்தில் செலவிடுவதில்லை. நிதானமாக, நெடுநேரம் வலிக்கிறார்கள். நாம் அவர்களிடம் கற்க வேண்டியது அதைத்தான்.

திரை சொல்லும் கணக்கு

மெஷின் திரையில் பெரிதாகத் தெரிவது ‘ஸ்பிளிட்’. இதே வேகத்தில் போனால் 500 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அது காட்டுகிறது. 2:30 என்றால் இரண்டரை நிமிடம். எண் குறையக் குறைய வேகம் கூடுகிறது.

நம்மைக் கவிழ்ப்பதும் இந்த எண்தான். வேகம் சற்றுக் கூடினாலே அதற்கான சக்தி மடமடவென ஏறும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப அது கூடுகிறது. 2:30 வேகத்துக்குச் சுமார் 104 வாட் சக்தி வேண்டும். 2:25க்கு 115 வாட். ஐந்தே விநாடி குறைந்ததற்குப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல் உழைப்பு. 2:15க்கு 142, 2:00க்கு 203. அதாவது அரை நிமிடத்தைக் குறைக்கக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி தேவை. பக்கத்து மெஷின்காரரின் எண்ணை எட்டிப் பார்த்து ‘இன்னும் ஐந்து விநாடிதானே’ என்று இழுப்பவர் பாதியில் மடிவது இதனால்தான்.

ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்பிளிட் ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பதறாமல் சராசரி ஸ்பிளிட்டைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிமிடத்துக்கு இருபது

ஒரு நிமிடத்தில் எத்தனை இழுப்பு என்பதும் திரையில் இருக்கும். நிதானப் பயிற்சிக்கு 18 முதல் 22 போதும். 20 என்றால் ஓர் இழுப்புக்கு மூன்று விநாடி: ஒரு விநாடியில் காலால் உந்தி இழுங்கள், இரண்டு விநாடியில் மெல்ல முன்னால் திரும்புங்கள். அந்தத் திரும்பலில்தான் உடம்பு இளைப்பாறுகிறது. அவசரப்பட்டு முன்னால் பாய்பவருக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை.

2:30 ஸ்பிளிட்டில் நிமிடத்துக்கு 20 முறை இழுப்பவர் ஒவ்வொரு இழுப்பிலும் 10 மீட்டர் போகிறார். 25 முறை இழுப்பவர் அதே வேகத்துக்கு 8 மீட்டர்தான் போகிறார். எண்ணிக்கை கூடியும் வேகம் கூடவில்லை என்றால், கால்கள் முழுதாக உந்தவில்லை என்று பொருள்.

விசிறிக் கூண்டின் பக்கத்திலுள்ள டாம்பர் நெம்புகோலைப் பலர் நேராக 10க்குத் தள்ளிவிடுவார்கள். அது சைக்கிள் கியர் மாதிரி. கடினமான கியரில் போட்டால் மட்டும் உடற்தகுதி கூடிவிடாது, முதுகுதான் வலிக்கும். தொடங்குபவர்களுக்கு 3 முதல் 5 வரை போதும்.

உடம்பு சொல்லும் கணக்கு

திரை காட்டுவது மெஷினுக்குப் போன உழைப்பை. அதற்கு உடம்பு கொடுத்த விலையை அறிய இதயத்துடிப்பைப் பார்க்க வேண்டும். வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழித்தால் உச்சத்துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 40 வயதுக்காரருக்கு 180. அதில் 65 முதல் 75 விழுக்காடு, அதாவது 117 முதல் 135 வரை, நிதானப் பயிற்சிக்கு ஏற்றது. ஆளுக்கு ஆள் இது மாறும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் துடிப்பைக் குறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுபவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

ஒரே வேகத்தில் போனாலும் இருபது, முப்பது நிமிடத்துக்குப் பிறகு துடிப்பு மெல்ல ஏறும். வியர்வையில் நீர் குறைவதாலும், சூட்டைத் தணிக்கத் தோலுக்கு அதிக இரத்தம் போவதாலும் இதயம் வேகமாகத் துடிக்கிறது. சென்னைப் புழுக்கத்தில், ஏசி இல்லாத அறையில், இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அப்போது பழைய ஸ்பிளிட்டைப் பிடித்துத் தொங்க வேண்டாம். இரண்டு மூன்று விநாடி விட்டுக்கொடுங்கள். மின்விசிறியும் தண்ணீர் பாட்டிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

துடிப்பை அளக்கக் கருவி ஏதும் இல்லையா? பேசிப் பாருங்கள். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம். பாட்டே பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம். ஸ்வீடனின் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான முயற்சி அளவுகோலில் இந்தச் சரியான வேகம் 11க்கும் 13க்கும் இடைப்பட்ட நிலை.

எப்படித் தொடங்குவது?

புதியவர்களுக்கு 20 நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம், நினைத்த ஸ்பிளிட்டைவிட ஐந்து விநாடி மெதுவாகப் போங்கள். அடுத்த பத்து நிமிடம் நினைத்த வேகத்திலேயே சீராகப் போங்கள். கடைசி ஐந்தில் தெம்பு இருந்தால் ஸ்பிளிட்டில் இரண்டு விநாடி குறையுங்கள், இல்லாவிட்டால் அப்படியே முடியுங்கள். சராசரி ஸ்பிளிட், இழுப்பு எண்ணிக்கை, துடிப்பு மூன்றையும் குறித்து வையுங்கள். சில வாரங்களில் அதே ஸ்பிளிட்டுக்குத் துடிப்பு குறைந்திருந்தால் உடற்தகுதி கூடியிருக்கிறது. அதன்பிறகு நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தை அல்ல.

மெஷினை விட்டு எழும்போது ‘இன்னும் பத்து நிமிடம் போகலாமே’ என்று தோன்றினால், அன்றைய பயிற்சி சரியாக நடந்திருக்கிறது.